விழுங்காத குளிசை

"வானை எடுக்காதேங்கோ அண்ணை!"

ஓடிப்போய்ப் பின்கதவைப் பிடித்துத் தொங்கினாள் மரியநாயகி. பிளேஸ்டோவிலிருந்த கத்தோலிக்கக் கோயில் மண்டபத்து வாசலில் வான் உறுமிக்கொண்டு நின்றது.

"உனக்கென்ன விசரே? துறைமுகத்தில கேற் பூட்டினால் மருந்துப் பெட்டியளை உன்ர வீட்டிலதான் இறக்குவன்!" யோகலிங்கம் ஜன்னலால் தலையை நீட்டிக் கத்தினார்.

அவள் கேட்கவில்லை. கடைசிப் பெட்டியின் டேப்பைப் பல்லால் கிழித்தாள். உள்ளே இருந்தது ஒரு ஜாம் போத்தல். சற்றுமுன் பெட்டியை மூடும்போது கண்ணில் பட்டது; மூடிய பிறகுதான் மூளையில் பட்டது. போத்தலின் கழுத்துவரை ஒரே மாதிரிச் சின்ன வெள்ளைக் குளிசைகள். ஆஸ்பத்திரியில் பிரஷர்காரருக்கு அவளே நாள்தோறும் கொடுக்கிற குளிசைகள்.

யாரோ மாதக்கணக்கில் விழுங்காமல் சேர்த்திருக்கிறார்கள்.

"இதை ஆர் தந்தது?"

யோகலிங்கத்தின் சத்தம் தணிந்தது. "அருமைநாயகி அக்கா. மகனுக்கு எண்டு..." மீதியைச் சொல்லாமல் ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

அருமைநாயகியின் மகன் கிறிஸ்துராஜா மரியநாயகியோடு ஒரே வார்டில் நேர்ஸாக இருந்தவன். சம்பளத்தை உதறிவிட்டு, உகண்டாக் கிராமமொன்றில் திருச்சபை நடத்திய கிளினிக்கில் தொண்டு செய்யப் போனான். அவன் கேட்டுத்தான் இந்த மருந்துச் சேகரிப்பே தொடங்கியது. தாய்க்கோ மார்கழியில் பாரிசவாதம் வந்து, உயிர் மயிரிழையில் தப்பியிருந்தது. குளிசையை நிறுத்தினால் இன்னொன்று வரும். அது தப்பவிடாது.

"ஏத்துங்கோ என்னை. அன்ரி வீட்டுக்கு விடுங்கோ!"

இரண்டு தெரு தள்ளி, கதவைத் திறந்த அருமைநாயகியின் முகம் சிவந்து வீங்கியிருந்தது. மரியநாயகி அவரைக் கதிரையில் இருத்தி, மேசையில் கிடந்த பிரஷர் கருவியின் பட்டியைக் கையில் சுற்றிக் காற்றடித்தாள். கருவி காட்டிய எண்ணைப் பார்த்ததும் வாசலில் நின்ற யோகலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணை, அம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்கோ. கெதியா!"

பிறகு போத்தலைத் திறந்து, ஒரு குளிசையை நீட்டினாள். "விழுங்குங்கோ அன்ரி."

அருமைநாயகி வாயை இறுக்கிக்கொண்டார். "அது அவனுக்கு அனுப்பினது. அங்க ஒரு மனிசிக்குக் குளிசை இல்லாமல் வாய் கோணிப்போச்சாம். கசெற்றில பேசி அனுப்பினவன். எனக்கு இஞ்ச வெள்ளைக்காரன்ர கவுன்மெந்து சும்மா தருது."

"உங்களுக்குத் தந்ததை நீங்கள்தானே குடிக்கவேணும்?"

"முதல் பாதி குடிச்சுப் பாதி சேர்த்தன். பிறகு அவன்ர கசெற்றும் இல்லை, போனும் இல்லை. மருந்து காணாமல் அல்லாடுறான் போல எண்டு முழுக்கச் சேர்த்திட்டன்."

ஒரு விஷயத்தை மட்டும் வாய்விடக் கூடாது என்று பங்குச் சுவாமியார் பெனடிக்ற் எல்லாரிடமும் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டிருந்தார். மரியநாயகியும் தலையாட்டியிருந்தாள்.

"அங்க இப்ப மருந்துக்குக் குறைவில்லை அன்ரி."

"அப்ப ஏன் அவன் போன் எடுக்கேல்லை?"

மரியநாயகி கோப்பையில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

"நீ அவனோட வேலை செய்தவள். உனக்குத் தெரியும். என்ர முகத்தைப் பார்த்துச் சொல்லு பிள்ளை."

"முதல் விழுங்குங்கோ."

"விழுங்கினால் சொல்லுவியோ?"

இந்த நிலையில் சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு நேர்ஸுக்குத் தெரியாதா? சொல்லாமல் விட்டால், நாளைக்கும் இன்னொரு போத்தல் நிறையும். எல்லாரும் சேர்ந்து காத்த மௌனம்தான் இந்தத் தாயை அணு அணுவாகக் கொன்றுகொண்டிருந்தது.

"சொல்லுவன்."

அருமைநாயகி குளிசையை வாங்கினார். சிலுவை போட்டார். தண்ணீரோடு விழுங்கினார். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இப்ப சொல்லு."

மரியநாயகி நிலத்தில் முழங்கால் படிய இருந்து, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தாள்.

"பெட்டியள் இப்ப வேற கிளினிக்குக்குப் போகுது அன்ரி. அவன்ர கிளினிக்கைத் தை மாதமே ஆயுதக்காரர் வந்து எரிச்சுப்போட்டாங்கள். நோயாளியளைத் தூக்கித் தூக்கி வெளியில விட்டவன், கடைசியா ஒருத்தரை எடுக்க உள்ள போயிருக்கிறான்... திரும்பி வரேல்லை. கனடாவில இருந்து உங்கட மகள் வரட்டும், பிறகு சொல்லுவம் எண்டு நாங்கள்தான் மறைச்சனாங்கள்."