ஜீப்புக்கு அடியில்

மாயவன் அந்தப் பழைய ஜீப்பை வாங்கிய நாளிலிருந்து விஜயலட்சுமிக்கு ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. வானூரில் பம்புசெட் ரிப்பேர் கடை வைத்திருந்தான் அவள் புருஷன். வாரம் முழுக்க கிரீஸும் கையுமாகக் கிடப்பவன், சனிக்கிழமை மதியம் ஷட்டரை இறக்கியதும் வேறு ஆளாகிவிடுவான். செம்மண் பள்ளம், முந்திரித் தோப்பு என்று ரோடு இல்லாத இடமாகத் தேடிப்பிடித்து வண்டியை விடுவான். கூடவே பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த ஜெயசீலன், பெரிய முதலியார்சாவடிக்காரன். இந்த முறை அவன் மனைவி நிவேதாவும் வருகிறாள் என்றதால்தான் விஜயலட்சுமியும் கிளம்பினாள்.

அது 2005 மே மாதம். சுனாமி வந்து போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. மரக்காணத்துக்கு அப்பால், முகத்துவாரத்தை ஒட்டிய சவுக்குத் தோப்பில் கூடாரம் போட்டார்கள். மற்ற மூவரும் அடித்துப்போட்டாற்போலத் தூங்க, அலை கொஞ்சம் பலமாக விழுந்தாலும் விஜயலட்சுமி எழுந்து உட்கார்ந்தாள்.

விடிந்ததும் மீன் வறுத்துச் சாப்பிட்டார்கள். சாமான்களை ஏற்றி முடித்தபோது, உப்பளத்து வரப்பு வழியாக வந்தது போதும், உப்பங்கழியின் ஓரமாகக் குறுக்கே போகலாம் என்றான் மாயவன்.

“வந்த வழியே போய்டலாங்க.”

“வந்த வழியே போறதுக்கு எதுக்கு ஜீப்பு? பஸ்லியே வந்திருக்கலாமே.”

ஜெயசீலன் சிரித்தான். வெயிலில் காய்ந்த சேற்று நிலம் சிமெண்டுத் தரைபோல வெள்ளையாகத்தான் தெரிந்தது. பாதி தூரம்வரை தாங்கவும் செய்தது. பிறகு அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம். பின்சக்கரங்கள் இரண்டும் கறுப்புச் சேற்றுக்குள் இறங்கின.

முதலில் யாரும் பயப்படவில்லை. ஒரு பலகையைப் போட்டு ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கினான் மாயவன். தோப்பிலிருந்து எடுத்து வந்த சவுக்குக் கிளைகளைச் சக்கரத்துக்கு அடியில் திணித்து, பக்கத்தில் உட்கார்ந்து காலால் உதைத்துத் தள்ளினான். நான்காவது உதையோ ஐந்தாவதோ, பலகை சறுக்கியது. ஜாக்கி சாய்ந்து சேற்றில் மறைந்தது. ஜீப் இறங்கி உட்கார்ந்தது.

மாயவன் போட்ட அலறலில் கழியோரத்துக் கொக்குகள் அத்தனையும் எழும்பின.

முழங்காலுக்குக் கீழே அவன் வலது கால் ஆக்ஸிலுக்கு அடியில் இருந்தது. உடம்பு ஒருபக்கமாக முறுக்கி விழுந்திருந்ததால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்க மட்டும் முடிந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. தூரத்தில் உப்பளத்துக் குவியல்கள் வெள்ளையாகத் தெரிந்தன.

“நான் போய் ஆள கூட்டினு வர்றேங்க்கா,” என்று செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நிவேதா ஓடினாள்.

அப்போதுதான் விஜயலட்சுமி அதைப் பார்த்தாள். கழியிலிருந்து விரல் தடிமனில் ஒரு நீர்க்கோடு சேற்றின் மேல் ஊர்ந்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. கடல் ஏறுகிறது.

ஜெயசீலன் சேற்றுக்குள் தோள்வரை கையைவிட்டு ஜாக்கியைத் தேடினான். கிடைக்கவில்லை. தண்ணீர் மாயவனின் இடுப்பைத் தொட்டு, விலாவைத் தொட்டது. ஜெயசீலன் ஸ்டெப்னி டயரை உருட்டி வந்து அவன் முதுகுக்கு முட்டுக் கொடுத்தான். அதனால் ஒரு ஜாண் உயர்ந்தான், அவ்வளவுதான். ஜெயசீலன் எழுந்து நேராக டிரைவர் சீட்டில் ஏறினான்.

“என்னாண்ணா பண்றீங்க?”

“தள்ளி நில்லும்மா. ஒரே தூக்குல முன்னாடி எடுத்துட்றேன். கால் வெளிய வந்துடும்.”

“வேணாம்ணா! சக்கரம் சுத்துனா இன்னும் கீழதான் போவும். எங்கப்பா டிராக்டரு சேத்துல மாட்றத நான் பார்த்திருக்கேன். கால் கூழாயிடும்.”

“அது டிராக்டரு. இதுல நாலு சக்கரமும் இழுக்கும்.”

“விஜி, அவன உடு!” என்று கீழேயிருந்து கத்தினான் மாயவன். “டேய் சீலா, எடுடா வண்டிய! கால் போனா போவுது, எடுடா!”

ஜெயசீலன் சாவியைத் திருப்பினான். இன்ஜின் ஒருமுறை இருமி நின்றது. மறுபடி திருப்புவதற்குள் விஜயலட்சுமி பாய்ந்து, அவன் கையைத் தட்டிவிட்டுச் சாவியைப் பிடுங்கி எடுத்து, சுடிதாரின் கழுத்துக்குள் போட்டுக்கொண்டாள்.

“குடும்மா! பைத்தியமா உனுக்கு? தண்ணி ஏறுது, கண்ணு தெரியல? அவன் செத்துட்டான்னா?”

“செத்தா எம்புருஷன்தான சாவறான்? வாங்க, கால் கீழ தோண்டலாம்.”

அவள் சாமான் மூட்டையை உதறினாள். எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு தண்ணீரில் குப்புறப் படுத்து, ஆக்ஸிலுக்கு அடியில் கையை விட்டாள். அள்ளி வீசிய சேற்றில் பாதி திரும்பி வழிந்தது. மறுபடி அள்ளினாள். உப்புத் தண்ணீர் கண்ணில் எரிந்தது. மாயவன் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தான். அவள் அம்மாவை, அப்பாவை, அவர்கள் வைத்திருந்த டிராக்டரை. ஜெயசீலன் சீட்டிலிருந்து இறங்கினான். பிறகு வாணலியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் படுத்தான்.

தண்ணீர் மாயவனின் கழுத்துக்கு வந்தது. அவன் திட்டுவதை நிறுத்தினான். அதுதான் அவளைக் கலக்கியது. திரும்பிப் பார்த்தாள். காதுகள் முழுகி, முகம் மட்டும் ஆகாயம் பார்த்து மிதந்தது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

சாவி நெஞ்சில் குத்தியது. கொடுத்துவிடலாமா? இப்போது கொடுத்தால்கூட ஸ்டார்ட் ஆகுமா? அவள் மூச்சைப் பிடித்துத் தலையை உள்ளே முழுக்கினாள். விரல்களுக்கு எதுவும் தெரியவில்லை, பிறகு தெரிந்தது: கெண்டைக்கால் அசைகிறது. ஊறிய சேறு இளகிக் குழைகிறது. ஆனால் பாதம் வரவில்லை. ஷூவைச் சேறு கவ்விப் பிடித்திருந்தது.

எழுந்து மூச்சு வாங்கி மறுபடி முழுகினாள். ஷூ லேஸ் இரட்டை முடிச்சு. நகத்தால் நெம்பினாள், நகம் பெயர்ந்தது. இன்னொரு விரலால் நெம்பினாள். முடிச்சு விட்டது.

“இழுங்கண்ணா!”

ஜெயசீலன் மாயவனின் அக்குளில் கைகொடுத்து இழுத்தான். அவள் உள்ளேயிருந்து குதிகாலைத் தள்ளினாள். மாயவனின் அலறலோடு கால் வெறுங்காலாக வெளியே வந்தது. மூன்று பேரும் தண்ணீரில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பின்னால் ஜீப் முனகியது. கால் இருந்த பள்ளத்துக்குள் இன்னும் ஒரு ஜாண் இறங்கியது.

நிவேதா உப்பளத்து ஆட்கள் மூன்று பேரோடு இடுப்பளவு தண்ணீரில் வந்து சேர்ந்தாள். கூடாரத் துணியில் மாயவனைக் கிடத்தித் தூக்கி, வரப்பேற்றி, உப்பு லாரியில் மரக்காணம் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஆம்புலன்சில் பாண்டிச்சேரி. கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஆனால் பிழைத்துவிடும் என்றார் டாக்டர்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெயசீலன் டீ வாங்கி வந்து கொடுத்தான்.

“நான் வண்டிய எடுத்திருந்தா அவன் கால் இல்ல. எப்டிம்மா அவ்ளோ உறுதியா இருந்த?”

விஜயலட்சுமி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“உறுதியா? எங்கண்ணா உறுதி. எங்கப்பா சக்கரத்த சுத்த உட்டே ரெண்டு மூணு வாட்டி டிராக்டர வெளிய எடுத்திருக்காரு. அதுவும் எனுக்கு ஞாபகம் இருந்திச்சி.”

“அப்போ ஏம்மா?”

“தெரியலண்ணா. சக்கரம் சுத்தறத என்னால பார்க்க முடியாதுன்னு தோணிச்சி. அவ்ளோதான்.”

டீயை வாயருகே கொண்டுபோனாள். தம்ளர் வாயில் படுவதற்கு முன்பே சாய்ந்தது. டீ முழங்கைவரை வழிந்தது. சுட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நிவேதா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தம்ளரை வாங்கி, குழந்தைக்குப் புகட்டுவதுபோல ஒவ்வொரு வாயாகக் கொடுத்தாள்.