தடியில்லாமல் செத்தவன்

...செத்தாகிவிட்டது, இனி அசையக்கூடாது, மூச்சை வயிறுவரை இழுக்காமல் தொண்டையோடு வாங்கித் தொண்டையோடு விட்டுவிட வேண்டும், இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு, வருஷா வருஷம் நாட்டின் பிறந்தநாளுக்கு இந்த மைதானத்தில் வந்து செத்துக்கொண்டிருப்பவன் நான், ஆனால் தடி? தடியை எங்கே வைத்தேன்? வேஷம் போடும் கூடாரத்தில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன், முகத்தில் கரி பூச இரண்டு கையும் வேண்டியிருந்தது, பூசிக்கொண்டேன், முரசு அடித்தது, எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன்... கொள்ளைக்காரர்களின் தலைவன் வெறுங்கையோடு ஓடி வந்திருக்கிறான், அட கர்மமே. இத்தனை வருஷம் கூட்டத்தில் ஒருவனாக ஓரமாய் விழுந்து செத்தபோதெல்லாம் ஒரு தடவைகூட மறந்ததில்லை, இந்த வருஷம்தான் தலைவன் வேஷம் கொடுத்தார்கள், கடைசியாகச் சாகிறவன், நாட்டை உண்டாக்கிய மாவீரர் குதிரைமேல் வரும்போது தடியை ஓங்கிக்கொண்டு குறுக்கே பாய வேண்டியவன், அதுவும் என் மகள் முதல்முறையாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மேலே படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கிற வருஷம். இன்றைக்குப் போய் இப்படிக் கோட்டை விட்டிருக்கிறேன்.

மாவீரராக வருகிறவர் ஒரு வங்கி அதிகாரி, நல்ல மனுஷன், ஒத்திகையில் குதிரை என் காலை மிதித்துவிடக்கூடாதே என்று என்னைவிட அவர்தான் பயப்படுவார், என் கையைப் பார்த்ததும் ஒரு கணம் கடிவாளத்தைப் பிடித்துவிட்டார், என்னய்யா இது என்று கண்ணாலேயே கேட்டார், நான் என்ன சொல்ல, ஒலிபெருக்கியில் கொம்பு ஊதியாகிவிட்டது, மந்திரி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், கொல்லாமல் விட்டுவிட முடியுமா, வெட்டினார், அட்டை வாள் தோளில் பட்டது, குப்புற விழுந்தேன். குப்புறத்தான் விழ வேண்டும், எங்கள் முகம் யாருக்கும் தெரியக்கூடாது என்பது டைரக்டரின் கண்டிப்பான உத்தரவு, மல்லாந்து விழுந்தால் செத்தவனுக்கு மூக்கு முழியெல்லாம் வந்துவிடுகிறதாம், ஜனங்களுக்குக் கவனம் சிதறுகிறதாம். மூக்கு மண்ணில் புதைந்திருக்கிறது, தும்மல் வந்தால் தொலைந்தேன், மாவீரர் பேசத் தொடங்கிவிட்டார், ஏரிக்கரையில் பதுங்கி ஊர் ஊராய்க் கொள்ளையடித்த கூட்டத்தை ஒழித்தோம், இங்கே ஒரு நாட்டுக்கு முதல் கல்லை நாட்டுகிறோம்... கைதட்டல். இந்தக் கைதட்டலில் என் மகளின் கையும் இருக்குமா? இருக்கும், இல்லாமல் எங்கே போகும், சின்னப் பிள்ளை, பக்கத்துப் பிள்ளை தட்டினால் தட்டத்தானே செய்வாள்.

காதுக்குப் பின்னால் ஈ ஒன்று ஊர்கிறது, ஊரட்டும், பிணத்துக்கு ஈ பொருத்தம்தான். பக்கத்துப் பிணம் எங்கள் தெரு வெல்டர், போன வருஷம் செத்த இடத்திலேயே குறட்டை விட்டு மானத்தை வாங்கியவன், உதட்டை அசைக்காமல் கேட்கிறான், "தடி எங்கடா?" மறந்துட்டேன் என்கிறேன். "மறந்துட்டியா?" என்கிறான், அந்தக் கேள்வியை இழுத்த இழுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் அப்படிக் கேட்டான்? அவனுக்கு ஏதாவது தெரியுமோ? கொள்ளைக்கூட்டத்துக்கு எப்போதும் எங்கள் தெருவிலிருந்துதான் ஆள் எடுக்கிறார்கள், உங்களுக்கெல்லாம் வேஷமே போட வேண்டாம்யா, அப்படியே வந்து நின்னா போதும் என்று டைரக்டர் தட்டிக்கொடுப்பார், நாங்களும் ஈ என்று இளிப்போம், ஏன் எங்கள் தெரு, எங்களுக்கு முந்தி எங்கள் ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று இன்றுவரை ஒருத்தனோடு ஒருத்தன் பேசியதில்லை, டயர் பஞ்சரிலிருந்து மாமியார் சண்டைவரை பேசுவோம், இதை மட்டும் பேச மாட்டோம். எனக்குச் சொன்னது அத்தை, அதுவும் ஒரே ஒரு தடவை, துணி பிழிந்துகொண்டிருந்தாள், வானொலியில் மாவீரரின் கதை ஓடியது, சட்டென்று பிழிவதை நிறுத்திவிட்டு, தடியாம் தடி, எவன் கையில இருந்துச்சு தடி என்றாள். ஏரிக்கரையை எடுத்துக்கிட்டீங்கன்னா நாங்க தண்ணிக்கு எங்க போறதுன்னு கேக்கத்தான்டா நம்ம ஆளுங்க போனாங்க, கையில ஒண்ணும் எடுத்துக்காதீங்க, சண்டைக்கு வந்தோம்னு சொல்லிடுவாங்கன்னு சொல்லி அனுப்புனதே பொம்பளைங்கதான், மண்வெட்டியைக்கூட வீட்டுல வெச்சுட்டுப் போனாங்க, எடுத்துட்டாவது போயிருக்கலாம்... அதற்குள் அம்மா ஓடி வந்து, புள்ளை காதுல இதையெல்லாம் போட்டு நாளைக்குப் பள்ளிக்கூடத்துல உளறி வைக்கணுமா என்று அத்தையை வாரு வாரென்று வாரிவிட்டாள். அத்தை மறுபடி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நானும் திறக்கவில்லை. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை, அவள் வேறு ஊர்க்காரி, ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன், அவள் அதுவரை இருக்கவில்லை. அவள் போனபிறகு வீட்டில் நானும் மகளும்தான், போன மாதம் பரீட்சைக்கு அவள் நடந்து நடந்து மனப்பாடம் பண்ணுகிறாள், கொள்ளையர்களை அடக்கியதால் விளைந்த நன்மைகள் யாவை, நான்தான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிக்கக் கேட்டேன், வழிப்பயம் நீங்கியது, வாணிபம் பெருகியது என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாள், ஏரி நீர் நகரத்துக்குக் கிடைத்தது, அதை விட்டுட்டியே கண்ணு என்று எடுத்துக் கொடுத்தவன் நான். எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் வெறுமனே நின்றேன், கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிடலாம்தான், சொன்னால் பரீட்சையில் அவள் எதை எழுதுவாள்? தெரிந்துகொண்டு தப்பாக எழுதுவதா, தெரியாமலே சரியாக எழுதி மார்க் வாங்குவதா... எழுதினாள், நல்ல மார்க், கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த தனிமை என் விரோதிக்கும் வரக்கூடாது.

சிப்பாய் வேஷம் போட்ட கல்லூரிப் பையன்கள் வந்துவிட்டார்கள், காலைப் பிடித்துத் தரதரவென்று இழுக்கிறார்கள், இந்த இடத்தில் கூட்டம் சிரிக்க வேண்டும், சிரிக்கிறது, என் முகவாய் மண்ணைக் கோடு போட்டுக்கொண்டே போகிறது, சாரி அண்ணே என்று ஒரு பையன் முணுமுணுக்கிறான், பரவாயில்லை தம்பி, இழு. கூடாரத்துக்குள் எழுந்து பார்த்தால் டிரம்முக்குப் பக்கத்தில் தடி வைத்தது வைத்தபடி நிற்கிறது, ஓடும்போது அதைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறேன், கண்ணில் படாமல் இருந்திருக்குமா? பட்டதா? படவில்லை என்று யாராவது சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன். டைரக்டர் கடித்துக் குதறப்போகிறார் என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன், அவர் குதிரை மந்திரி முன்னால் சாணி போட்டுவிட்ட கவலையில் என்னைக் கடந்து போனார். வங்கி அதிகாரி மட்டும் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டே என் கையை ஒரு பார்வை பார்த்தார், கண்ணாடிப் பக்கம் திரும்பி மீசையைப் பிய்க்கத் தொடங்கினார்.

கரியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தால் மகள் வாசலில் காகிதக் கொடியோடு நிற்கிறாள், கையைப் பிடித்துக்கொண்டாள், பஸ் நிறுத்தம்வரை நடந்தோம். கேட்பாள், இதோ கேட்பாள், ஏன்ப்பா உங்க கையில ஒண்ணுமே இல்லைன்னு கேட்டுவிட்டால் போதும், இன்றைக்குச் சொல்லிவிடுவேன், அத்தை, ஏரி, வீட்டில் விட்டுவிட்டுப் போன மண்வெட்டி, எல்லாவற்றையும் மனசுக்குள் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டுவிட்டேன், பதில் என்னவோ தயார், கேள்விதான் வரவேண்டும், நிறுத்தத்தில் கூட்டம் இல்லை, வெயிலும் தாழ்ந்திருந்தது, சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. பாத்தியா, அப்பா எப்படி நடிச்சேன் என்று நானே தொடங்கினேன். "நல்லா இருந்துச்சுப்பா, ஆனா அந்தப் பெரிய தடியை ஓங்கிட்டு வந்தீங்கள்ல, அப்ப எனக்கே பயமாயிடுச்சு, நல்லவேளை, அவரு முந்திட்டாரு."

தடியா, என் கையிலயா, நல்லா பார்த்தியாம்மா என்றேன். "ஆமாப்பா, மேல இருந்து நல்லா தெரிஞ்சுது, எங்க டீச்சர்கூட பயந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கொடியை விரித்துச் சரி செய்துகொள்கிறாள், பொய் சொல்கிற பிள்ளை இல்லை, ஒரு பென்சில் தொலைந்தால்கூட ஒளிக்கத் தெரியாதவள். கையைத் தூக்கினேன்தான், குதிரை என் மேலே வந்தபோது தூக்கினேன், வெயில் கண்ணில் அடித்ததால் தூக்கினேனா, கொஞ்சம் நில்லுங்க சார் என்று சொல்லத் தூக்கினேனா, எனக்கே புரியவில்லை, ஆனால் விரல்கள் விரிந்துதான் இருந்தன, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது... அன்றைக்குக் கரையிலும் யாரோ ஒருத்தன் இப்படித்தான் கையைத் தூக்கியிருப்பானோ, தூரத்தில் நின்ற யாரோ ஒரு நல்ல மனுஷன் அதைப் பார்த்து நடுங்கி, வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளைகளிடம் தடியோடு வந்தார்கள் என்று சொல்லியிருப்பானோ, அவனும் பொய் சொல்லவில்லையோ? அப்படியானால் நான் இவ்வளவு காலமும் மனசுக்குள் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்? பஸ் வந்தது, மகள் முந்தி ஏறி ஜன்னலோரமாய் எனக்கும் சேர்த்து இடம் பிடித்துவிட்டுக் கூப்பிடுகிறாள், கம்பியைப் பிடித்து ஏறப்போன நான் ஒரு கணம் கையைக் கீழேயே வைத்துக்கொண்டு நிற்கிறேன்.