வில்லங்கத்தில் ஒரு நத்தை

வைத்தியலிங்கத்திடம் நிலம் இருந்தது. அதன் பேர்தான் ஊரெல்லாம் இருந்தது. சமையல்காரர் பேரில் கொஞ்சம், மச்சினர் பேரில் கொஞ்சம், கும்பகோணத்தில் பஸ் கண்டக்டராக இருந்த தூரத்து உறவுக்காரர் பேரில் கொஞ்சம் என்று திருவையாற்றுக்குக் கிழக்கே அவருடைய நஞ்சை பலர் பேரில் படுத்திருந்தது. ஒருவருக்கு இவ்வளவு நிலம்தான் என்று முதல் முறை உச்சவரம்புச் சட்டம் வந்தபோது உறவில் பேர் தீர்ந்துபோய், பண்ணையில் வேலை செய்த மருதையன் பேருக்கும் ஒரு வயல் போய்ச் சேர்ந்தது. வாய்க்கால் தலைப்பில் இருந்த வயல். தண்ணீர் முதலில் அங்கேதான் பாயும்.

சும்மா போகவில்லை. வேண்டும்போது திருப்பி எழுதிக்கொள்வதற்காக, எழுதாத முத்திரைத்தாள் ஒன்றில் மருதையனின் கைநாட்டை வாங்கிவரக் கணக்குப்பிள்ளையிடம் சொல்லி, அதை இரும்புப்பெட்டியில் வைத்தார் வைத்தியலிங்கம். இதற்கு அந்த வட்டாரத்தில் முன்யோசனை என்று பேர்.

பிறகு ஆட்சி மாறியது. வந்தவர்கள் அந்த உச்சவரம்பையும் பாதியாக வெட்டினார்கள். மருதையன் குடியிருந்த தெருவில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கொடி ஏறியது. "டேய் மருதையா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வைத்தியலிங்கம் "வாப்பா மருதையா" என்றார். அவருடைய மகன் நாகநாதனைச் "சின்னய்யா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மருதையன் "தம்பி" என்றார். இரண்டு மாற்றமும் சட்டசபைக்குப் போகாமலே அமலுக்கு வந்தன.

சங்கத்தில் சேர்ந்தவர் பேரில் வயல் இருப்பது ஆபத்து என்று வைத்தியலிங்கத்துக்குப் பட்டது. அந்தத் தாளை நிரப்பி, வயலைக் கண்டக்டர் பேருக்கு மாற்றிவிடப் பார்த்தார். நாகநாதனுக்கு இது பொறுக்கவில்லை. உழுதது, நட்டது, அறுத்தது எல்லாம் மருதையன். பேரும் அவருடையது. இரண்டுக்கும் நடுவில் அந்தத் தாள் ஒன்றுதான் நின்றது. அதை எப்படியாவது வாங்கி மருதையன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று நாகநாதன் நினைத்துக்கொண்டிருந்தான். மருதையனோ அந்தப் பேச்சு வந்தாலே மீசைக்குள் சிரித்துக்கொண்டு வேறு வேலை பார்ப்பார்.

நாகநாதன் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். கடலில் இருக்கும் கூம்பு நத்தைகளைப் பற்றி ஆராய்ச்சி. வேறு வேறு பேரில் இருப்பவை ஒரே நத்தையா, ஒரே பேரில் இருப்பவை வேறு வேறு நத்தைகளா என்று பார்த்து ஒழுங்குபடுத்துவது அவன் வேலை. அப்பா நிலத்தில் கலைத்துப்போட்டதை மகன் நத்தையில் அடுக்கிக்கொண்டிருந்தான் என்று கல்லூரியில் கேலி செய்வார்கள்.

கடலிலிருந்து எடுக்கும்போது இந்த நத்தையின் நிறம் தெரியாது. ஓட்டின் மேல் கோணிச்சாக்கைப் போர்த்திய மாதிரி ஒரு பழுப்புத் தோல் இருக்கும். சதையை வேகவைத்து உருவி, தோலைச் சுரண்டினால்தான் உள்ளே இருக்கும் நிறம் வெளிவரும். கல்லூரியில் இதற்கு ஆள் உண்டு. ஆனால் பொங்கல் விடுமுறை. அதிராம்பட்டினத்தில் சங்கு, சிப்பி வியாபாரம் செய்த ஜெய்னுலாபுதீன் ஒரு பை நத்தை கொடுத்தனுப்ப, நாகநாதன் அதை வீட்டுக்கே கொண்டுவந்தான்.

அம்மா மங்களாம்பிகை பையை ஒரு முறை முகர்ந்ததோடு சரி.

"இந்த அடுப்புல முட்டைகூட வெந்ததில்ல. நத்தை வேகணும்னா நீயும் அதுவுமா வெளியில போயி வேகுங்க."

கொல்லையில் மருதையன் நெல் அவித்துக்கொண்டிருந்தார். நாகநாதன் பையை அவரிடம் கொடுத்து, "இதைக் கொஞ்சம் வேகவச்சு எடுத்து வைங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, கல்யாணம் ஒன்றுக்குப் போய்விட்டான். திரும்பி வந்து பார்த்தால் நத்தைகள் கழுவிக் காய்ந்திருந்தன. தோல்கூட இல்லை. மருதையன் சுரண்டியே வைத்துவிட்டார் என்று மகிழ்ந்தவன், ஒன்றைக் கையில் எடுத்து வெயிலில் காட்டினான்.

செவ்வாழைப்பழத் தோலின் நிறம்.

அந்த வடிவத்தில் ஒரு நத்தை உண்டு. அது மஞ்சள். இருநூறு வருஷத்துக்கு முன்பே ஐரோப்பாக்காரர் ஒருவர் அதற்குப் பேர் வைத்துவிட்டார். சிவப்பில் அப்படி ஒன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. உள்ளே சதை கரிந்துபோய், இனத்தைக் காட்டிக்கொடுக்கும் பல்லை எடுத்துப் பார்க்க முடியாமல் போனது ஒன்றுதான் குறை. அந்தக் குறையைச் சந்தோஷம் மூடிவிட்டது.

"புதுசா ஒரு நத்தை கண்டுபிடிச்சிருக்கேன்" என்று அப்பாவிடம் சொன்னான்.

"அதுக்குப் பேரு வைக்கறது யாரு?"

"முதல்ல அச்சுல போடறவன். ஆனா என் பேரை நானே வச்சுக்கறது மரியாதை இல்ல. வேற யாரு பேரை வேணும்னாலும் வைக்கலாம்."

வைத்தியலிங்கம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தினார். வேறு யார் பேரையாவது வைப்பதுதான் அவர் இத்தனை வருஷமாகச் செய்துவந்த வேலை. தன் பேரை ஒன்றில் வைக்க இப்போதுதான் ஒரு வழி தெரிகிறது.

"வச்சா எத்தனை நாளைக்கு நிக்கும்?"

"உலகம் இருக்கற வரைக்கும்."

"சட்டம் போட்டுப் பாதியா வெட்டிட மாட்டானுங்களே?"

"மாட்டாங்க."

"கொட்டுமா?"

"ஊசி மாதிரி ஒரு பல்லு இருக்கு. குத்துச்சுன்னா விஷம். சில வகை குத்தி ஆளே செத்துருக்காங்க."

"அப்ப என் பேரை வை."

நாகநாதன் எத்தனை நத்தை பார்த்திருந்தாலும் வைத்தியலிங்கத்தின் மகன். "வைக்கறேன். பதிலுக்கு மருதையன் கைநாட்டு வச்ச தாளைக் குடுத்துடணும்" என்றான்.

"அடேய், அது தலைப்பு வயலு. நத்தைக்கு வயலா?"

"அப்ப அம்மா பேரை வச்சுடறேன். கேக்க நல்லாவும் இருக்கும்."

வைத்தியலிங்கம் மகனை ஏற இறங்கப் பார்த்தார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "சரி. அச்சு இந்தக் கையில, தாளு அந்தக் கையில" என்றார்.

ஆனி மாதக் கடைசியில் அச்சு வந்தது. கோனஸ் வைத்தியலிங்கமி.

"கோனஸ்னா என்னடா, கோணலா?"

"கூம்புப்பா."

"வைத்தியலிங்கமியா? மீனாட்சி, காமாட்சி மாதிரியில்ல இருக்கு. என்னைப் பொம்பளையாக்கிட்டியே."

"லத்தீன் மொழியில 'வைத்தியலிங்கத்தோட'ன்னு அர்த்தம்."

"ஓகோ, 'வைத்தியலிங்கத்தோட'. அப்ப சரி. இனிசியல் எங்க?"

இனிசியல் இல்லாத குறையோடு, அச்சில் வந்த பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உறவுக்காரர் வீடெல்லாம் போய்வந்தார். இரும்புப்பெட்டியைத்தான் திறக்கவில்லை. "ஆடி பொறந்துருச்சு. ஆவணியில தரேன்" என்றார்.

ஆடியில் வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த நத்தைகளில் தேர்ந்த ஒரு பெண்மணி, பாராட்டிவிட்டு, சதையோடு ஒன்று கிடைக்குமா, பல்லைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். நாகநாதன் அதிராம்பட்டினத்துக்கு பஸ் ஏறினான்.

"செவப்பா?" என்றார் ஜெய்னுலாபுதீன். "சார், எங்க வாப்பா காலத்துலேருந்து இதுலதான் கெடக்கோம். உங்களுக்குக் குடுத்தது மஞ்சளு. கடல்ல இருக்கறதும் மஞ்சளு. செவப்பு வேணும்னா ரெண்டு நாளு டைம் குடுங்க, ஆக்கித் தரேன்."

"ஆக்கித் தருவீங்களா?"

"வெளிநாட்டுக்காரன் கேக்கற கலர்ல குடுக்கறதுதானே வியாபாரம். தீயில காட்டினா மஞ்சளு செவக்கும். முகம்மது யூசுப் கடையில அதுக்குன்னே அடுப்பு வச்சிருக்காரு. ஏன் சார், வேர்க்குது? உக்காருங்க, சர்பத் சொல்றேன்."

நாகநாதன் சர்பத் குடித்தான். இனிப்புத் தெரியவில்லை. கொஞ்சம் மஞ்சள் நத்தை வாங்கிக்கொண்டு நேரே மருதையனிடம் போனான்.

"அண்ணே, பொங்கலப்ப அந்த நத்தைய எதுல வேகவச்சீங்க?"

"நெல்லு அண்டாவுல போட்டா நெல்லு நாறிப்போவும். உங்கப்பா யாரைத் திட்டுவாரு? உமி அடுப்புக் கங்குல பொதைச்சுட்டேன். சுட்டா என்ன, அவிச்சா என்ன, வெந்துச்சா இல்லியா?"

"வெந்துச்சு."

"பொறவென்ன?"

நாகநாதன் அவர் கண் முன்னாலேயே ஒரு மஞ்சள் நத்தையை உமிக் கங்கில் புதைத்தான். ஆறியபின் எடுத்தால் செவ்வாழை. உலகத்தில் எங்கும் இல்லாத புது நத்தை, வைத்தியலிங்கம் வீட்டுக் கொல்லையில் பிறந்தது தெரிந்துபோயிற்று. அவர் பேரை வைத்தது ஒரு விதத்தில் பொருத்தம்தான்.

"இது பழைய நத்தைதான்னு நானே அச்சுல போட்டாகணும்ணே. அப்பா பேரு செல்லாமப் போயிடும். தாளு வராது."

"ஆவணி வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருங்களேன்."

"அது ஏமாத்து."

"பத்து வருஷமா என் பேருல உங்கப்பா வயலு வச்சிருக்காரே, அதுக்கு என்ன பேரு வப்பீங்க?" என்று கேட்டுவிட்டு மருதையன் சிரித்தார். "தாளு வந்தா வருது, வராட்டிப் போவுது. நீங்க போயி உள்ளதைச் சொல்லுங்க தம்பி."

வயலை இழக்கப் போகிறவர் இவ்வளவு நிதானமாகப் பேசுவது நாகநாதனுக்கு விளங்கவில்லை. சங்கம் கொடுத்த தைரியம் என்று எடுத்துக்கொண்டான்.

அப்பாவிடம் போய் நின்றான். சுற்றி வளைக்கவில்லை. "அந்த நத்தை புதுசு இல்லப்பா. பழைய மஞ்ச நத்தைதான். நம்ம நெல்லு அவிச்ச அடுப்புல சுட்டதுல செவந்துருக்கு."

வைத்தியலிங்கத்தின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. "அப்ப என் பேரு?"

"ஒரே நத்தைக்கு ரெண்டு பேரு இருந்தா, முதல்ல வச்ச பேருதான் செல்லும். அதுதான் விதி."

"என்னுதை அடிச்சுடுவானுங்களா?"

"அடிக்க முடியாது. அச்சுல ஏறினது ஏறினதுதான். இனிமே அந்த நத்தையைப் பத்தி முழுசா எழுதறவன் யாரா இருந்தாலும், பழைய பேரை மேல போட்டு, கீழ 'இதுக்கு இந்தப் பேரும் உண்டு'ன்னு உங்க பேரை வருஷத்தோட எழுதணும்."

"வெள்ளைக்காரனும்?"

"அவனும்தான்."

"நான் செத்து நூறு வருஷம் கழிச்சு?"

"அப்பவும்."

வைத்தியலிங்கம் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். திறந்தபோது முகம் தெளிந்திருந்தது. "அதாவது பட்டா அந்த வெள்ளைக்காரன் வச்ச பேருல. வில்லங்கம் போட்டுப் பாத்தா என் பேரு வரும்."

ஆராய்ச்சியாளர்கள் பக்கம் பக்கமாக விளக்குகிற விஷயம் இதுதான். நாகநாதன் "ஆமாம்பா" என்றான்.

"பட்டாவுல பேரு இருக்கறவனை எவன்டா மதிக்கறான்? வில்லங்கத்துல பேரு இருக்கறவனைத்தான் எல்லாரும் தேடிக்கிட்டு வருவானுங்க." சிரித்துக்கொண்டே எழுந்தவர், பாதியில் நின்றார். "ரெண்டு பேருல இருந்தாலும் நத்தை ஒண்ணுதான்னு கண்டுபிடிச்சே பாரு, அந்த வித்தையைத் தாசில்தாருக்கு மட்டும் சொல்லிக் குடுத்துடாத."

இரும்புப்பெட்டி திறந்தது. அதிகாரிகள் சோதனைக்கு வரப்போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். எழுதாத தாளில் கைநாட்டு வைத்திருப்பது ஆபத்து என்று அவருக்கு மட்டும் தெரியாதா? ஆனால் அதைச் சொல்லவில்லை. "பேச்சுன்னா பேச்சு. இந்தா" என்றார்.

"ஆடின்னு பாக்கலியா?"

"வாங்கறதுக்குத்தான்டா ஆடி ஆகாது. குடுக்கறதுக்கு என்ன?"

நாகநாதன் தாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தான். மருதையன் உமி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். கொடுப்பதற்கு முன்னால், பழக்கதோஷத்தில், சட்டைப்பையிலிருந்த லென்ஸை எடுத்துக் கைநாட்டின் மேல் வைத்துப் பார்த்தான். ரேகை அகலமாக இருந்தது. கைக்கு வேண்டியதைவிட அகலம். ஓரத்தில் சேற்றுவெடிப்புக் கோடுகள். அடுக்கிவைத்துப் பழகிய கண் அது. இது வேறு இனம் என்று உடனே தெரிந்தது.

"அண்ணே, இது கைவிரல் இல்லியே."

மருதையன் இடது கையை நீட்டினார். கட்டைவிரலில் பழைய அரிவாள் தழும்பு. "அன்னைக்கு அறுப்புல வெட்டிக்கிட்டுத் துணி சுத்தியிருந்தேன். கணக்குப்பிள்ளை மையையும் தாளையும் தரையில வச்சுட்டு, கட்டைவிரலை வைன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. கிட்ட வந்தா தீட்டாச்சே. எந்தக் கட்டைவிரல்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. கால்ல இருக்கறதும் கட்டைவிரல்தானே?"

"பத்து வருஷமா இதைச் சொல்லவே இல்லியே!"

"யாரும் பாக்கல. இப்பத்தானே நீங்க பாத்தீங்க."

அவர் தாளை வாங்கி, எதற்கும் இருக்கட்டும் என்று உமிக் கங்கில் போட்டார். வெள்ளைத் தாள் மஞ்சளாகி, செவ்வாழை நிறத்துக்கு வந்து, கறுத்து, சாம்பலோடு சாம்பலாயிற்று. நாகநாதன் அதற்குப் பேர் எதுவும் வைக்கவில்லை.