மேசைக்கு முட்டுக்கொடுத்த விருந்தாளி

பெண் கொடுப்பதற்கு முன் பையனோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அந்த முட்டைக்கோஸ் விவசாயியின் பிடிவாதம். அதனால்தான் அடிவாரத்துத் தச்சன், இருந்ததிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க மலைமேல் ஏறி வந்தான். தெருவெல்லாம் படிக்கட்டாக இருந்த ஊர். அவர் மகள் இல்லையென்றால் அவனுக்குக் கல்யாணமே வேண்டாம். "எங்கப்பாகிட்ட வாயைக் குடுக்காதே" என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வாயைப் பற்றிச் சொன்னவள் கையைப் பற்றிச் சொல்லவில்லை, பாவி.

வீடு சரிவில் கட்டியது. தரையும் சரிவு, சாப்பாட்டு மேசையும் சரிவு. அப்பாவும் மகளும் தோட்டத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அம்மா அடுப்படியில் இருந்தாள். தச்சன் கண்ணில் கோணல் மேசை பட்டால் கை சும்மா இருக்குமா? விறகில் நல்லதாக இரண்டு துண்டு எடுத்து, கீழ்ப்பக்கக் கால்களுக்கு முட்டுக்கொடுத்தான். மேசை அம்சமாக மட்டமாயிற்று. நல்ல பெயர் வாங்கிவிட்டோம் என்று சந்தோஷமாக உட்கார்ந்துகொண்டான்.

எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா மேல்முனையில் சூப் கிண்ணத்தை வைத்து, வழக்கம்போல ஒரு விரலால் லேசாகத் தள்ளினாள். கிண்ணம் போகவில்லை. கீழ்முனையில் அப்பா கையை நீட்டிக் காத்திருந்தார். இன்னொரு முறை தள்ளினாள். சூப்தான் தளும்பியது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வழுவழுத்த மேசையில் சாப்பாடு தானாகச் சறுக்கிக்கொண்டு அவரிடம் போய்ச் சேரும். "கொஞ்சம் கொடு" என்று அந்த மனுஷன் ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்கத் தெரியாது என்பதுதான் நிஜம்.

மகள் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். தச்சன் அவசரமாக எழுந்து கிண்ணத்தை எடுக்கப் போனான். அம்மா கண்ணாலேயே அவனை உட்கார வைத்தாள்.

சூப் ஆறிக்கொண்டிருந்தது. அப்பா கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பசி விடுமா? கடைசியில், யாரோ கழுத்தைப் பிடித்து அமுக்கிய மாதிரி, "ஏம்மா... அதைக் கொஞ்சம் குடேன்" என்றார்.

அம்மா எழவில்லை. என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். அவர் இன்னொரு தடவை சொன்னார். அவள் முகத்தில் புதுப்பெண் வெட்கம் வந்துவிட்டது. கிண்ணத்தைத் தானே எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்துவிட்டு, அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நாலு வாய் உள்ளே போனதும் அவருக்குப் பழைய அதிகாரம் திரும்பியது. அந்தக் கட்டைகளை உருவிவிட்டு ஊர் போய்ச் சேரச் சொன்னார். தச்சன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தான்.

"கட்டையில கை வச்சீங்கன்னா நடக்கறதே வேற, மாப்பிள்ளை" என்றாள் அம்மா.