முத்தத்துக்குத் தூக்கிய திருக்கை

அன்று துறைமுகத்துக்கு வெளியே நான்கு உல்லாசக் கப்பல்கள் நின்றன. கரீபியன் கடலில் உள்ள எங்கள் கிராண்ட் கேமன் தீவில் நான்கு கப்பல் நிற்கும் நாளென்றால், எங்கள் மணல் திட்டில் தண்ணீரைவிடக் கால்கள்தான் அதிகம் தெரியும்.

படகில் முப்பது பயணிகள், வழிகாட்டி நான். போகிற வழியில் எப்போதும் சொல்வதைச் சொன்னேன்.

"காலைத் தூக்கித் தூக்கி வைக்காதீங்க. மணலோட தேய்ச்சே நடங்க. திருக்கை மீன் மணலுக்குள்ள படுத்திருக்கும். கால் வர்றது தெரிஞ்சா அதுவா நகர்ந்துடும். மிதிச்சாத்தான் வால் முள்ளால குத்தும்."

முன்வரிசையில் இருந்த ஒன்பது வயதுப் பெத்தனி, உட்கார்ந்தபடியே கால்களைத் தேய்த்துக் காட்டினாள். "இப்படியா, மிஸ்டர் ஆர்லின்?"

"அப்படியேதான். நீ எங்க ஊர்க்காரி மாதிரியே இருக்க, போ!"

அவள் அம்மா லோரா சிரித்தார்.

திருக்கைக்கு முத்தம் கொடுத்தால் ஏழு வருடம் அதிர்ஷ்டம் என்று நாங்கள் எல்லோரிடமும் சொல்வோம். அதற்காகத் திருக்கையை இரு கைகளிலும் ஏந்தி முகத்தருகே கொண்டுபோவோம். எல்லாவற்றையும் அல்ல, நாங்கள் போடும் கணவாய் மீன் துண்டுக்குப் பழகி, வருடக்கணக்காக எங்கள் கைகளில் கிடந்தவற்றை மட்டும். நான் ஏந்துவது ஹேஸலை. அவளுடைய இடது செட்டையில் ஒரு வெட்டு உண்டு. தூக்கினால் நனைந்த கம்பளிபோலத் தொய்ந்து கிடப்பாள்.

அன்று எல்லோரும் இடுப்பளவு நீரில் இறங்கி நின்றதும், இடது செட்டையில் வெட்டுள்ள ஒன்று வந்தது. தூக்கினேன். அது தொய்யவில்லை, பலகைபோல விறைத்தது. இவள் ஹேஸல் இல்லை என்று என் கைகளுக்குத் தெரிந்துவிட்டது. கீழே விட ஒரு நொடி போதும். ஆனால் பெத்தனி கண்களை மூடி உதட்டைக் குவித்துவிட்டாள். பின்னால் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். படகிலிருந்து கேப்டன் ஆர்டல் கத்தினார்.

"என்னடா, தாலாட்டுப் பாடித் தூங்க வைக்கிறியா? சீக்கிரம் ஆகட்டும்!"

"இன்னிக்கு இவளுக்குக் கொஞ்சம் வெக்கம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, உயர்த்தினேன்.

வால் சுழன்றது. மகளின் தோளைப் பிடித்திருந்த லோராவின் முன்கையில் முள் இறங்கியது.

படகில் ஏற்றியதும் ஆர்டல், இதற்கென்றே வைத்திருக்கும் பெரிய பிளாஸ்கைத் திறந்து வாளியில் வெந்நீர் ஊற்றினார். "தாங்குற சூட்டுல கையை வைங்கம்மா. இந்த வலி சூட்டுக்குத்தான் அடங்கும். முள்ளு நுனி உள்ளயே இருக்கட்டும், டாக்டர் எடுப்பார்." பிறகு என் பக்கம் திரும்பினார். "எப்படிடா ஆச்சு?"

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"குழந்தை காலை உதைச்சுட்டா. அது மிரண்டுடுச்சு."

அந்த வாக்கியம் தானாக வந்தது என்று சொல்ல மாட்டேன். நான்தான் சொன்னேன்.

"நான் உதைக்கலையே" என்றாள் பெத்தனி. பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். "உதைச்சேனாம்மா?"

லோரா பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்லடா கண்ணு. தெரியாமத்தானே செஞ்ச" என்றார்.

கரை சேரும்வரை பெத்தனி தலை நிமிரவில்லை. வாளி நீரின் நிறம் மாறிக்கொண்டே வந்தது.

மருத்துவமனையில் முள்ளை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். கப்பலுக்குப் போகும் கடைசிப் படகு மூன்றரைக்கு. துறையில் ஆர்டல் என் தோளைத் தட்டினார்.

"ஆபீஸ்ல நீ சொன்னதையே சொல்லிட்டேன். சின்னப் புள்ளை மேல யாரு கோவப்படப் போறா? மூஞ்சியை இப்படி வெச்சுக்காதடா, கடலே கெட்டுப்போயிடும்."

அப்போது அவர்கள் வந்தார்கள். கட்டுப் போட்ட கையோடு லோரா முன்னால். பின்னால் பெத்தனி. காய்ந்த பலகைகள்மேல், காலைத் தூக்காமல், தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தாள். அங்கே மணல் இல்லை, தண்ணீர் இல்லை. அங்கே அப்படி நடக்கும்படி யாரும் சொல்லவுமில்லை.

நான் போய் லோராவின் முன் நின்றேன். "அம்மா, அவ உதைக்கல. நான் தூக்கினது பழகாத திருக்கை. தூக்கின உடனே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. விட்டிருக்கணும்."

லோரா மகளைக் கைகாட்டினார். "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க."

மண்டியிட்டு அதையே திரும்பச் சொன்னேன். பெத்தனி கவனமாகக் கேட்டாள்.

"நான் உதைக்கலன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவள் என்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான்கு கப்பல்கள், வரிசை, ஆர்டலின் குரல் எல்லாம் என் நாக்கு வரை வந்தன. அவள் காத்திருந்தாள். படகு ஒரு முறை ஊதியது. அப்போதும் காத்திருந்தாள்.

லோரா கூப்பிட்டதும் திரும்பிப் போனாள். காலைத் தேய்த்தபடியே.