நாற்பத்தேழாம் எண் பெயர்க்காரிகள்

பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசையில், சாவி செய்பவர் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு ஒரு கடை இருந்தது. பெயர் போட்ட கோப்பை, பெயர் போட்ட சாவிக்கொத்து, பெயர் போட்ட பென்சில் பெட்டி. வருகிறவர்கள் தங்கள் பெயரைத் தேடி எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். கடையை நடத்தியது ஒரு பெண். பின்னறையில் சூடு இயந்திரத்தை வைத்துக்கொண்டு கோப்பைகளில் பெயரை ஏற்றுவது அவள் கணவரின் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஊரார் பெயரை விற்றுத்தான் இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

அந்தக் கடையில் எந்தப் பெயரையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் உண்டு. முன்னறையிலிருந்து ஒரு பெயரைக் கத்தினால் பின்னறையில் அது வேறொன்றாகக் காதில் விழுகிறது என்று வந்த ஏற்பாடு. எண்பதுக்குள் இருப்பவை பழைய பெயர்கள். வாய் நிறையச் சொல்லவேண்டியவை. நூறைத் தாண்டியதும் பெயர்கள் மூன்றெழுத்தாகச் சுருங்கின. நூற்று எழுபதிலிருந்து கொஞ்ச காலம் எல்லாப் பிள்ளைகளும் 'ஷ்' என்று முடிந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் நின்று கூப்பிட்டால் யாரோ வாயை மூடச் சொல்வதுபோல இருக்கும். இருநூறுக்கு மேல் இரண்டே எழுத்து. கூப்பிடத் தொடங்குவதற்குள் முடிந்துவிடும்.

இந்த மாற்றத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதில் கடைக்காரி கெட்டிக்காரி. தள்ளுவண்டியில் குழந்தையைக் கண்டால் மற்றவர்கள் கன்னத்தைத் தொடுவார்கள்; அவள் பெயரைக் கேட்பாள். கேட்டுவிட்டுக் கையிலே எழுதிக்கொள்வாள். அந்த வருடம் அவள் கணித்தது இருநூற்றுப் பன்னிரண்டு. பெண் குழந்தைகளுக்கு வைக்கும் பெயர். பூங்காவில் ஒரே மாலையில் ஆறு இருநூற்றுப் பன்னிரண்டுகளைப் பார்த்துவிட்டு வந்து, நாற்பத்தேழு கோப்பைகள் போடச் சொல்லித் துண்டுச் சீட்டில் எழுதிக் கணவரிடம் கொடுத்தாள். பிறகு தன் அம்மாவைப் பார்க்க இரண்டு நாள் வெளியூர் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது பின்னறையில் நடக்க இடமில்லை. தரையிலும் மேசையிலும் நாற்காலியிலும் கோப்பைகள். எல்லாவற்றிலும் நாற்பத்தேழாம் எண் பெயர். அறுபது வருடத்துக்கு முன்னால் வீதிக்கு நாலு பேருக்கு இருந்து, இப்போது எந்தக் குழந்தைக்கும் வைக்காத பெயர். சீட்டில் இருந்த இரண்டு எண்களையும் கணவர் இடம் மாற்றிப் படித்திருந்தார். நாற்பத்தேழாம் பெயரில் இருநூற்றுப் பன்னிரண்டு கோப்பைகள்.

இத்தனை செய்யும்வரை கண் எங்கே போயிருந்தது என்று கேட்டாள். எழுத்து மங்கியிருக்கிறதா, ஓரம் நேராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் எடுத்தாராம். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லையாம்.

"ஓரமெல்லாம் நேராத்தான் இருக்கு, பாரு" என்றார்.

பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. கோபத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சிரித்தாள்.

கணவருடைய தங்கை அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. இரண்டு தெரு தள்ளி இருந்தாள். நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள். வேலைக்குப் போகாத அந்த நாட்களில் தினமும் கடைக்கு வந்துவிடுவாள். பிறக்கப்போவது பெண் என்று அவளுக்கு ஏனோ நிச்சயம். யாருக்கும் இல்லாத பெயராக வைக்கவேண்டும் என்று வேறு பிடிவாதம். வீட்டில் கணவனும் அவளுமாக மண்டையைக் குடைந்து ஒரு பெயரைப் பிடிப்பார்கள். மறுநாள் அதைக் கொண்டுவந்து கடைத் தட்டில் தேடுவாள். தட்டில் இருந்தால் அந்தப் பெயர் தள்ளுபடி. இப்படி முப்பது பெயர் போயிற்று. கடைசியாக ஒன்று தட்டில் இல்லாமல் தப்பித்தது. ஆனால் அதைச் சொல்லிப் பார்த்த அவள் கணவனுக்கே நாக்கு சுளுக்கிக்கொண்டது.

உண்மையில் அவளுக்குப் பிடித்திருந்தது இருநூற்றுப் பன்னிரண்டு. முதல் மாதத்திலேயே பிடித்துவிட்டது. அண்ணியிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"பிடிச்சிருந்தா வையேன்" என்றாள் கடைக்காரி.

"நீங்கதான் அண்ணி பூங்காவில ஆறு பேரை எண்ணிட்டு வந்தீங்க. என் பொண்ணு ஏழாவதா நிக்கணுமா?"

கடைக்காரி தட்டில் இருந்த கோப்பைகளைத் திருப்பி வைத்தாள். அவள் தொழிலே அந்த எண்ணிக்கைதான்.

கோப்பைகளை என்ன செய்வது என்று ஒரு வாரம் யோசித்தார்கள். பெயரை அழிக்க முடியாது. சூட்டில் ஏறியது ஏறியதுதான். மொத்தமாக எடுத்துக்கொள்வாரா என்று பாத்திரக்காரரிடம் கடைக்காரி கேட்டுப் பார்த்தாள். யாரோ ஒருத்தி பெயர் போட்ட கோப்பையில் எவன் தேநீர் குடிப்பான் என்று கேட்டார். அந்தக் கேள்விதான் வழிகாட்டியது. கடை வாசலில் ஒரு பலகை வைத்தாள். நாற்பத்தேழாம் பெயரைப் பெரிதாக எழுதி, 'இந்தப் பெயர் உள்ளவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு அடையாள அட்டையோடு வந்தால் ஒரு கோப்பை இலவசம்' என்று கீழே எழுதினாள். நாத்தனார் அதைப் படம் பிடித்துத் தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். பத்துப் பேர் வருவார்கள் என்று கடைக்காரி பத்து முக்காலி போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே முக்காலிகள் நிரம்பிவிட்டன. பத்து மணிக்கு வரிசை செருப்புக் கடையைத் தாண்டியது. அறுபது, அறுபத்தைந்து வயதுப் பெண்கள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்த நினைத்த கடைக்காரி, வழக்கத்தை மறந்து முதல் அட்டையில் இருந்த பெயரை உரக்கப் படித்தாள்.

எழுபது பேர் ஒரே குரலில் "இருக்கேன்" என்றார்கள்.

ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்புக் கிளம்பியது. சாவி செய்பவர் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். அதன்பிறகு வரிசை வரிசையாக இல்லை. ஒருத்தியை ஒருத்தி எப்படிக் கூப்பிடுவது என்பதே பெரும் பாடாகப் போனதால், பள்ளிக்கூடத்தில் தங்களுக்கு வைத்திருந்த பட்டப்பெயர்களை அவர்கள் வெளியே எடுத்தார்கள். அந்தப் பெயரோடு படித்த யாரையும் பட்டப்பெயர் இல்லாமல் அடையாளம் சொல்லியிருக்க முடியாது. சோடாபுட்டி வந்திருந்தாள். ஊசிமிளகாய் வந்திருந்தாள், இப்போது நல்ல பருமன். வெறும் 'மூணாவது' என்றே பன்னிரண்டு வருடம் கூப்பிடப்பட்ட ஒருத்தி வந்திருந்தாள்.

கூட்டத்தில் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தார். தான் வேலையில் சேர்ந்த வருடத்தோடு இந்தப் பெயர் நின்றுவிட்டது என்று அவர் சொன்னார். முப்பத்தைந்து வருடத்தில் எத்தனையோ ஆயிரம் குழந்தைகளைக் கையில் ஏந்தியவர். ஒன்றுக்குக்கூடத் தன் பெயரை வைத்து அவர் கேட்டதில்லை. புது அம்மாக்கள் அவர் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்து, "எங்க அத்தை பேரு" என்பார்கள். பிறகு, "எங்க பாட்டி பேரு" என்றார்கள்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நீல வேலை உடுப்பில், இடுப்பில் கருவிப்பையோடு ஓர் இளம்பெண் தயங்கித் தயங்கி வந்தாள். பக்கத்துக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவள். தண்ணீர் ஏதாவது வேண்டுமா என்று கடைக்காரி கேட்டாள். அவள் அட்டையை நீட்டினாள். நாற்பத்தேழு.

நர்ஸ் அந்த அட்டையை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறந்த வருடத்தைப் பார்த்தார். இருபத்தாறு வயது.

"அப்பாவோட அம்மா பேருங்க" என்றாள் அந்தப் பெண். "வேலையில முதல் ரெண்டு எழுத்தை மட்டும் சொல்லிக்குவேன். ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கிறப்ப எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. இந்தப் பேருள்ள இன்னொரு ஆளை நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

"எத்தனை ஆளைப் பார்க்கற, எண்ணிக்கோ" என்றார் நர்ஸ்.

அவ்வளவுதான். அந்தப் பெண்ணை முக்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். கையில் கிரீஸ் இருக்கிறது என்று அவள் பின்னுக்கு இழுத்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒருத்தி மாற்றி ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டார்கள். முழுப் பெயரையும் ஒருமுறை சொல்லிக் காட்டச் சொன்னார்கள். அவள் மெதுவாகச் சொன்னாள். எழுபது பேரும் கேட்டார்கள். தங்கள் பெயரை ஓர் இளங்குரல் தன் பெயராகச் சொல்லி அவர்கள் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

நாத்தனார் கல்லாவுக்குப் பின்னால் இருந்த பெரிய நாற்காலியில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முன்னால் நின்ற நெட்டையான ஒரு பெண்மணியிடம், இத்தனை பேருக்கு ஒரே பெயர் என்றால் எரிச்சலாக இருந்திருக்காதா என்று கேட்டாள். தன் வகுப்பில் மட்டும் ஐந்து பேர் என்றார் அவர். யார் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று டீச்சருக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லையாம்.

"ஒண்ணே ஒண்ணுதான் வருத்தம். கடைசி பெஞ்சுல ஒருத்தன் இருந்தான், கவிதை எல்லாம் எழுதுவான். எனக்கு லெட்டர் போடப் போறதா ஃபிரெண்டுகிட்ட சொல்லியிருக்கான். நானும் லீவு முழுக்க வாசலையே பார்த்துட்டு இருந்தேன். வரவே இல்லை."

அவருக்குப் பின்னால் கோப்பையைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்த குள்ளமான பெண்மணி நிமிர்ந்தார்.

"எந்த ஸ்கூல்?"

சொன்னார்.

"நீ நெட்டச்சி தானே? நான்தான் ரெட்டைப் பின்னல்."

நெட்டச்சி குனிந்து அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். நரைத்த முடி குட்டையாக வெட்டப்பட்டிருந்தது. பின்னல் இருந்ததற்கான தடயமே இல்லை. ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார்.

"அந்த லெட்டர் என் வீட்டுக்கு வந்துச்சு" என்றார் ரெட்டைப் பின்னல். "என் பேருதானே போட்டிருந்துச்சு? நல்ல கையெழுத்து வேற. பதில் போட்டேன். அப்புறம் கல்யாணமும் பண்ணிக்கிட்டோம்."

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். கடைக்காரி ஒரு கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆள் மாறிப் போச்சுன்னு அவர் சொல்லலையா?" என்று கேட்டார் நெட்டச்சி.

"கல்யாணமாகிப் பத்து வருஷம் கழிச்சுச் சொன்னார், ஃபிரெண்டு அட்ரஸை மாத்திக் கொடுத்துட்டான்னு. ரெண்டு நாள் நான் அவரோட பேசலை. மூணாம் நாள் எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. ஏன் முன்னாடியே சொல்லலைன்னு கேட்டேன். பதில் நல்லா இருந்துச்சு, அதான்னார்."

நெட்டச்சி கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "இப்பவும் கவிதை எழுதறானா?" என்றார்.

"குறட்டைதான் விடறார். நீ தப்பிச்சே."

நெட்டச்சி சிரிக்கத் தொடங்கியவர் கண்ணில் நீர் வரும்வரை நிறுத்தவில்லை. ரெட்டைப் பின்னல் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டார். அதற்கு மேல் அவருக்கு எட்டவில்லை. தனக்கு அமைந்தவரும் நல்ல மனிதர்தான், ரயில் ஓட்டுகிறவர், ஆனால் ஒரு வரிகூட எழுதமாட்டார் என்று நெட்டச்சி சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்லி ரெட்டைப் பின்னல் அங்கேயே அழைத்தார். அந்தக் கவிதைக்காரரைப் பார்த்து நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே நெட்டச்சி முகவரியை வாங்கிக்கொண்டார்.

மதியம் எல்லோரும் கலைந்துபோனார்கள். லிஃப்ட்காரப் பெண் போகும்போது கருவிப்பையின் வெளிப்பக்கம் கோப்பையை மாட்டிக்கொண்டாள், பெயர் வெளியே தெரியும்படியாக. தெரிந்தவர்களுக்கென்று மற்றவர்கள் கேட்டு வாங்கிப் போனதையும் சேர்த்து, கோப்பைகளில் பாதி தீர்ந்திருந்தது. மீதியைக் கடைக்காரியும் கணவரும் அட்டைப்பெட்டியில் அடுக்கினார்கள்.

நாத்தனார் நாற்காலியைவிட்டு எழவில்லை.

"அண்ணி, நான் முடிவு பண்ணிட்டேன்" என்றாள். "இருநூத்திப் பன்னெண்டுதான்."

"பூங்காவில ஆறு பேர் இருக்காங்களே?"

"இருக்கட்டும். பேர் தனியா இருக்கணும்னு பார்த்தேன். பிள்ளை தனியா இருக்கணும்னா நினைச்சேன்?"

அண்ணன் பின்னறையிலிருந்து தலையை நீட்டி, பையன் பிறந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். இரண்டு பெண்களும் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மறுபடி உள்ளே போய்விட்டார்.

பெண்தான் பிறந்தது. அந்த ஞாயிறிலிருந்து எட்டாம் நாள் விடியற்காலையில், அதிகம் சிரமப்படுத்தாமல், அழுகையை மட்டும் கொஞ்சம் பலமாக வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. கடைக்காரியும் கணவரும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, குழந்தையின் அப்பா தாழ்வாரத்தில் இருந்த எல்லாரிடமும் எடையைச் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாம் தடவை சொன்னபோது அது நூறு கிராம் கூடியிருந்தது.

அறைக்குள் பணியாளர் ஒருத்தி படிவத்தோடு வந்து, பெயர் முடிவு செய்துவிட்டார்களா என்று கேட்டாள். நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்து, முதன்முறையாக எண்ணைச் சொல்லாமல் பெயரைச் சொன்னாள்.

பணியாளர் எழுதிக்கொண்டே சிரித்தாள். "இந்த வாரத்துல இது மூணாவதுங்க. பதினொண்ணாம் ரூம்ல ஒரு பாப்பா, பதினாலுல ஒரு பாப்பா."

கடைக்காரி சட்டென்று திரும்பினாள். நாத்தனார் முகம் வாடிவிடுமோ என்று பார்த்தாள். அவளோ போர்வையை விலக்கிவிட்டுக் கட்டிலிலிருந்து காலைக் கீழே தொங்கப்போட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். மெதுவாக நடக்கலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறாராம்.

அண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். ஒரு பக்கம் அண்ணியைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் சுவரைத் தொட்டுக்கொண்டு, ஓர் அடிக்கு ஒரு மூச்சு விட்டபடி அவள் தாழ்வாரத்தில் நடந்தாள். பதினொன்றாம் அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு குழந்தை அழுதது. அவள் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக் கதவைத் தட்டினாள்.