சாருக்குச் சுட்ட தனி அடை

ஜெகதீசன் சாருக்குக் கீரை ஆகாது. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் இல்லை. பிடிக்காது, அவ்வளவுதான். நாற்பத்திரண்டு வயது, திண்டிவனத்தில் சொந்த வீடு, தினமும் பைக்கில் வந்து ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு நடத்துகிறவர். டிபன் பாக்ஸைத் திறந்தால் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கும். மறுநாள் திறந்தால் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கும். இப்பேர்ப்பட்ட மனுஷனைத் தேடிப் பிடித்துத்தான், பிள்ளைகளுக்குத் தோட்டம் போடவும் சத்தாகச் சமைக்கவும் கற்றுக்கொடுக்கிற பொறுப்பைத் தலைமையாசிரியை அவர் தலையில் கட்டினார். விஷயத்தைக் கேட்ட மனைவி கவிதா சிரித்த சிரிப்பில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதையே மறந்துபோனாள்.

ஆனால் ஒன்று, வேலை என்று வந்துவிட்டால் சார் ஏனோதானோவென்று செய்கிற ஆள் கிடையாது. பிள்ளைகள் கை கழுவுகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குத் திருப்பினார். ஆடியில் வேலியோரம் முருங்கைக் கிளையை வெட்டிப் போத்தாக நட்டார்கள். கத்தரியும் வெண்டையும் போட்டார்கள். மணியடித்த பிறகு ஓடிவருகிற கூட்டம் எல்லாம் கத்தரி பூத்திருக்கிறதா என்று பார்க்க எட்டு மணிக்கே வந்து நின்றது. கீரையில் இருக்கிற இரும்புச் சத்தைப் பற்றி சார் பாடம் எடுத்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். வாய் அப்படிப் பேசும். தொண்டைதான் கதவைச் சாத்திக்கொள்ளும்.

இந்த ரகசியம் பள்ளியில் ஒரே ஒருத்திக்குத் தெரியும். சத்துணவு சமைக்கிற அந்தோணிமேரிக்கு. பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன்னால் ஆசிரியர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும் என்பது முறை. சார் கீரைச் சாம்பாரில் இலை எதுவும் கரண்டியில் ஏறாமல் மேலாக்க மொண்டு, ஒரு சொட்டு நக்கிவிட்டு, "பிரமாதம்" என்பார். எட்டு வருஷமாக அந்தோணிமேரி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். வெளியில் மூச்சு விட்டதில்லை.

எல்லாம் சாரின் வகுப்புப் பிள்ளை பானுப்ரியா மயங்கி விழுகிறவரைக்கும்தான். காலை வழிபாட்டில் நின்றுகொண்டிருந்த பிள்ளை அப்படியே சாய்ந்துவிட்டது. ரத்தம் ரொம்பக் குறைவு, மாத்திரையோடு கீரையும் காயும் தினமும் உள்ளே போகணும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பானுவோ தட்டில் இருக்கிற ஒரு இலையைக்கூட விடாமல் பொறுக்கி ஓரத்தில் அடுக்குகிற ரகம். அம்மா அடித்துப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். கடைசியில் ஜெகதீசன் சார் பக்கத்தில் உட்கார்ந்து நயமாகச் சொன்னார். அவள் யோசித்துவிட்டு, "நீங்க சாப்ட்டா நானும் சாப்புடுறேன் சார். என் கண்ணு முன்னால சாப்புடணும்" என்றாள்.

சார் அவசரப்பட்டுச் சரி என்றுவிட்டார்.

தை பிறந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை சமையல் நாள். கேப்பை மாவில் முருங்கைக்கீரை போட்டு அடை. பானுவோடு படிக்கிற ஜெர்லின்தான் பிள்ளைகளுக்குத் தளபதி. நாலு பேரைக் கீரை ஆய உட்கார வைத்தாள், ரெண்டு பேரை வெங்காயம் அரியவிட்டாள், வறுத்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, பொடிக்க ஒரு கூட்டத்தை அனுப்பினாள். பொடித்ததில் பாதி பொடித்தவர்கள் வாயிலேயே போனது. கல்லில் அடை வேக வேக, பிள்ளைகள் எல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள். சார் மட்டும் சமையல்கூடத்துப் பின்பக்கம் போய் நின்றுகொண்டார்.

அந்தோணிமேரி கரண்டியோடு வந்தாள். "இன்னா சார், பரீட்ச எழுதப் போற புள்ள மாதிரி நிக்கிறீங்க? உங்களுக்குன்னு தனியா ஒண்ணு சுட்டு வெச்சிருக்கேன். கொத்தமல்லி மட்டும்தான். பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது."

"மேரிம்மா, நீங்க நல்லா இருக்கணும்."

"அது இருக்கட்டும். ஜல்தியா போய் உக்காருங்க, புள்ளைங்க காத்துக்கினு இருக்குது."

சாருக்கு உயிர் வந்தது. பானுவுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கொத்தமல்லி அடை வாசனை தூக்கியது. ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார், அடுத்ததையும் போட்டார். நடிக்க வேண்டிய அவசியமே இல்லை, பசியும் சேர்ந்துகொள்ள ரசித்துச் சாப்பிட்டார். பானு தன் அடையைத் தொடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"சார், உங்களுதுல பாதி குடுங்க. என்னுதுல பச்ச வாசன வருது. உங்களுது நல்லா இருக்கும் போல."

சாரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கொடுத்துவிட்டால் பிள்ளை சாப்பிட்டுவிடும். ஊரே மெச்சும். ஆனால் அவள் வயிற்றுக்குள் ஒரு முருங்கை இலைகூடப் போகாது. நம்பிக் கை நீட்டிக்கொண்டிருக்கிறாள். ஜெகதீசன் சாருக்கு அந்த இடத்திலேயே வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இதுல கீரை இல்ல பானு" என்றார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெர்லின் மட்டும் விடவில்லை. "நாங்கதான சார் ஆஞ்சோம்? அந்தக் கீரை எங்க?"

"நீங்க ஆஞ்சதெல்லாம் உங்க அடையில இருக்குது. என்னுது வெறும் கொத்தமல்லி. எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே கீரைன்னா பேஜாரு. உங்கள ஏமாத்தப் பாத்தேன், தப்புதான்."

"நான்தான் சுட்டுக் குடுத்தேன், சார ஒண்ணும் சொல்லாதீங்க" என்று வாசலிலிருந்து அந்தோணிமேரி குறுக்கே விழுந்தாள்.

பானு எழுந்து போய்விடுவாள், அதோடு முடிந்தது என்று சார் நினைத்தார். அவள் எழுந்திருக்கவில்லை. கண்ணை அகலமாக்கிக்கொண்டு கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள்.

"உங்களுக்கும் பச்ச வாசன வருமா சார்?"

"வரும்."

"தொண்டையில நிக்குமா?"

"நிக்கும். எறங்கவே எறங்காது."

"எங்கம்மா, வாசனையே கெடையாது, நான் வேணும்னே பண்ணிக்கினு இருக்கேன்னு சொல்லும்" என்ற பானுவின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாளில் அவள் சொன்னதை நம்பிய முதல் ஆள் அவர். தன் அடையை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை அவர் தட்டில் வைத்தாள். "ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு வாயி போடுவோம். மூணு எண்ணுறேன். ஏமாத்தக் கூடாது."

எண்ணினாள். மூன்று என்றபோது வகுப்பே சேர்ந்து கத்தியது. சார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மென்றார். வாசனை வரத்தான் செய்தது, தொண்டையில் நிற்கத்தான் செய்தது. நல்ல வேளை, நடுவில் மல்லாட்டை அகப்பட்டது. ஒரு வழியாக விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தார். எதிரில் பானுவும் முகத்தை அஷ்டகோணலாக்கி, கழுத்தை நீட்டி, மடக்கென்று விழுங்கினாள்.

"வாயத் தொறங்க சார்."

திறந்து காட்டினார். அவளும் திறந்து காட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஜன்னலுக்கு ஓடி வந்தது. சாருக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

பானு மீதி அடையைப் பிட்டுக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"அழுவாதீங்க சார். அடுத்த வாயி சின்னதா குடுக்குறேன்."